பள்ளத்து மாப்பிள்ளை

எங்கள் ஊரில், குடித்துவிட்டு டிராக்டரை ஏரிக்குள் இறக்கியவனை மன்னித்திருக்கிறார்கள். பிரசங்கத்தின் நடுவில் குறட்டை விட்டவனை மன்னித்திருக்கிறார்கள். தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறவர்களை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். நான் அந்தக் குற்றத்தை ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சர்ச்சின் கீழ்த்தளத்தில், காபி நேரத்தில், எல்லார் காதிலும் விழும்படி செய்தேன்.

ஆரம்பித்தது நானில்லை, என் நாத்தனார் டார்லிஸ். கஞ்சாச் செடியை வீட்டில் வளர்க்கலாம் என்று எங்கள் மினசோட்டா மாநிலத்தில் சட்டம் வந்த நாளிலிருந்து, அவள் தன் வீட்டு நிலவறையில் விளக்குப் போட்டு, மின்விசிறி வைத்து, நேரத்துக்குத் தண்ணீர் விட்டு வளர்க்கிறாள். தீயணைப்பு நிலையக் கூடத்தில் அக்டோபரில் நடக்கும் எங்கள் ஊர்க் கண்காட்சியில், ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு மேசை போட்டார்கள். அன்றிலிருந்து முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்குத்தான். அவள் வாயைத் திறந்து பெருமை பேச மாட்டாள். காரின் முன்கண்ணாடியில் அந்த ரிப்பனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுவாள், அவ்வளவுதான்.

அன்று யாரோ என்னிடம், "லவர்ன், நீயும் கஞ்சாவ வெளியில தோட்டத்துலயே வச்சுப் பாக்கலாமே?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் டார்லிஸ் முந்திக்கொண்டாள்.

"வெளியில வளக்கவா? இந்த ஊர்லயா? பூ முத்துறதுக்குள்ள உறைபனி வந்து கொன்னுடும். பனி விட்டாலும் ரோட்டோரத்துப் பள்ளத்துக் கஞ்சா விடாது. அதோட தூள் பட்டா பூ பூரா விதையாப் போயிடும். நம்ம வானம் அதுக்கு லாயக்கில்ல, பாவம்."

அந்தப் 'பாவம்'தான் என்னைச் சீண்டியது.

"வானத்துக்கு என்னடி குறைச்சல்? உன் செடி ஒருநாளாவது வெயிலப் பாத்திருக்கா? ஜெயில்ல பொறந்து ஜெயில்லயே வளந்தது அது. பாத்துக்கிட்டே இரு. வெட்டவெளியில வளந்த பூவ, ஒரு விதைகூட இல்லாம, அக்டோபர்ல கொண்டுவந்து உன் ஜாடி பக்கத்துல வைக்கலன்னா என் பேரு லவர்ன் இல்ல. ஜெயிச்சும் காட்டுறேன்."

காபி கலக்கிய கரண்டிகள் நின்றன. ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, "மழை வரும்போலயே" என்றார். வானம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவர் ஆர்லின் எங்கள் சாலையில் வண்டியைத் திருப்பினார். பிறகு, "ஜெயிச்சும் காட்டுறேன்ங்கிறத விட்டிருக்கலாம்" என்றார்.

"அதுதான் முக்கியமே" என்றேன்.

சொன்ன சொல் சொன்னதுதான். அதை இனி என்னால் விழுங்க முடியாது. விழுங்கினாலும் ஊர் ஒரு வார்த்தை சொல்லாது. நான் சாகும்வரை சொல்லாது. அப்படிச் சொல்லாமலே இருப்பதுதான் எனக்குத் தாங்காது.

செடிகளைச் சுற்றி வேலி போட்டுப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். பழைய நாய்க்கூண்டின் கம்பிவேலியைப் பிடுங்கிக் களஞ்சியத்தின் தெற்குப் பக்கம் நட்டு, பலகை அடித்து, பூட்டும் போட்டேன். எங்கள் வீட்டுக் கதவுக்கே பூட்டுக் கிடையாது. பண்ணையிலேயே பூட்டிய இடம் அது ஒன்றுதான், உள்ளே இருந்தவை நாலு செடிகள். எல்லாம் பெண். ஜூன் மாதம் முழுக்க மாட்டு எருவைக் கரைத்து ஊற்றினேன். எங்கள் ஊர்க் கோடை சின்னதுதான், ஆனால் பகல் நீளம். சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரமும் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் அப்போதும் வெயில் அவற்றின் மேல் இருக்கும். ஜூலையில் என் தோள் உயரம் வந்துவிட்டன. டார்லிஸின் செடிகள் அவள் இடுப்பைத் தாண்டியதில்லை.

பெண் பூவின் மேல் ஆண் செடியின் மகரந்தத் தூள் படாதவரை அது தடித்து, பிசுபிசுத்து, வாசம் ஏறிக்கொண்டே போகும். தூள் பட்டதோ இல்லையோ, புத்தி முழுக்கப் பிள்ளை பெறுவதில் போய்விடும். பிறகு பூ இல்லை, விதை மூட்டைதான். எங்கள் சாலையோரப் பள்ளங்களில் ஆண்களுக்குப் பஞ்சமே கிடையாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கயிறு திரிக்க நார் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டதால் இந்தப் பக்கத்து விவசாயிகள் நார்க் கஞ்சாவை வயல் வயலாக விதைத்தார்கள். போர் முடிந்தது, கயிறும் வேண்டாம் என்றார்கள். செடி மட்டும் வேலி தாண்டிப் பள்ளத்தில் இறங்கி, இன்றுவரை யாரையும் கேட்காமல் முளைக்கிறது. அதுதான் பள்ளத்துக் கஞ்சா. புகைத்தால் தலைவலிதான் மிச்சம். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை புகைத்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறார்கள்.

ஜூலை நடுவிலிருந்து தினமும் காலையில் கையுறை போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். மஞ்சள் கொத்துத் தொங்கும் ஆண் செடிகளாகப் பார்த்து, தூள் விழும் முன் வேரோடு பிடுங்கி, சாக்கில் கட்டினேன். முட்டி இரண்டும் கெஞ்சின. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஓடைப் பாலம்வரை சாலையின் இரண்டு பக்கமும் சுத்தம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மேற்கே, வெண்டலின் வயலோரம் மட்டும் ஒரு பெரிய காடு நின்றது. சேற்று நிலம், என் முட்டி அதற்குத் தாங்காது. தூரம்தான், காற்று அசையாமல் இருந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வெண்டலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்திருக்கும். எங்கள் கல்யாணக் காலத்திலிருந்தே பக்கத்துப் பண்ணைக்காரர். தினமும் டிராக்டரில் என்னைத் தாண்டிப் போவார், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நானும் தூக்குவேன். ஆனால் உதவி கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அடுத்தவர் பொழுதைக் கெடுக்கக் கூடாது. அதேபோல, உதவி செய்கிறவரும் கேட்டுவிட்டுச் செய்ய மாட்டார். கேட்டால், 'அய்யோ வேண்டாம், நாங்களே பாத்துக்கிறோம்' என்று எதிராளி சொல்லியே தீருவார், அப்புறம் செய்யவும் முடியாது. அதனால் நாங்கள் சொல்லாமல் வந்து, செய்துவிட்டு, சொல்லாமல் போய்விடுவோம். குளிர்காலத்தில் எழுந்து பார்த்தால் யாரோ நம் வாசல் பனியை வழித்திருப்பார்கள்.

பள்ளங்களில் ஜூலை முடியும்வரை புல் அறுக்கக் கூடாது. காட்டுக்கோழிகள் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். ஆகஸ்ட் பிறந்ததும் ஆளாளுக்கு அறுக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்த முதல் சனிக்கிழமை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மேற்குக் காற்று. போர்வைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. பாலத்துப் பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

வெண்டல் அந்தக் காட்டுக்குள் வண்டியை விட்டிருந்தார். ஆண் செடிகள் முழுப் பூப்பில் நின்ற நேரம். வண்டி போன வழியெல்லாம் மாவு மில்லில் பறப்பதுபோல மஞ்சள் தூள் எழும்பியது, எழும்பி, திரும்பி, நேராக என் களஞ்சியத்தைப் பார்த்து வந்தது.

கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். "நிறுத்து வெண்டல்! நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எது கேட்கும்? சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

எல்லாம் முடிந்த பிறகு எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். "தினம் நீ குனிஞ்சு குனிஞ்சு பிடுங்குறதப் பாத்தேன் லவர்ன். அந்த முட்டிய வச்சிக்கிட்டு எதுக்கு இந்தக் கஷ்டம்னு தோணுச்சு. உன் பக்கத்துப் பள்ளத்தையும் சேத்து அறுத்துட்டேன்" என்றார்.

ஒரு மனிதன் என் முட்டிக்காக இரங்கிச் செய்த வேலை. அவர் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்? "ரொம்ப நன்றி வெண்டல். எதுக்கு உனக்குச் சிரமம்" என்றேன். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

உதவி செய்தவருக்கு ஏதாவது சுட்டுக் கொடுத்தாக வேண்டும். அன்று சாயங்காலமே புளிப்பான ருபார்ப் தண்டு நறுக்கிப் போட்டு ஒரு தட்டு கேக் சுட்டேன். வெண்ணெயையும் சர்க்கரையையும் நான் அடித்த அடியில் கிண்ணம் மேசையெல்லாம் நடந்தது. ஆர்லின் கதவோரம் நின்று பார்த்தார்.

"அவன்கிட்ட சொல்லிடேன்."

"என்னன்னு சொல்றது? நீ செஞ்ச உதவி என்னைக் கெடுத்துடுச்சுன்னா?"

"அப்படியேதான்."

"நீயே போய்ச் சொல்லு."

அவர் போகவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. கேக்கை நான்தான் கொண்டுபோனேன். வெண்டலும் அவர் மனைவியும் அரைமணி நேரம் வாசலில் நிற்கவைத்து மழையைப் பற்றிப் பேசினார்கள். மகரந்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பூக்கள் தப்பித்திருக்கும் என்று கொஞ்ச நாள் நம்பினேன். தினமும் போய்ப் பூட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்தேன். ஆகஸ்ட் கடைசியில் பூவிலிருந்த வெள்ளை முடிகள் சுருண்டு பழுப்பாயின. அடியில் குட்டிக் குட்டிப் பைகள் உப்பின. ஒன்றைக் கிள்ளினேன். பச்சை விதை. நாலு செடியிலும் அதே கதை. வேலிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், ஆனாலும் அழுகை அழுகைதான்.

ஆர்லின் தன் தங்கை டார்லிஸிடம் நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தார். அவள் வந்து வேலிக்குள் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "ம்... இது ஒரு தினுசா இருக்கு" என்றாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது. பிறகு, குரலைத் தணித்து, "லவர்ன், நீ இந்த வருஷம் வைக்க வேண்டாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"அது எனக்குத் தெரியும்" என்றேன். "அதனாலதான் வைக்கப்போறேன்."

ஒரு சாயங்காலம் ஒரு பூவைக் கிள்ளிவந்து, புருவம் பிடுங்கும் இடுக்கியால் விதையை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். முடிந்தபோது அது அவசரத்தில் உரித்த கோழி மாதிரி இருந்தது. எனக்கே சீ என்று போய்விட்டது. தோற்கிறதென்றால் தோற்கலாம், ஆனால் இப்படி மூளியாக்கிக் கொண்டுபோய் வைப்பதா? இடுக்கியைத் தூக்கி அலமாரியில் எறிந்தேன்.

செப்டம்பரில் பனி அவசரப்பட்டு வந்தது. மதியமே காற்று நின்று வானம் கண்ணாடியாகிவிட்டது. இன்றைக்கு உறையும் என்று ரேடியோவிலும் சொன்னார்கள். விதை விழுந்த செடிதானே என்று அவற்றை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. என் செடிகள் அவை. இருட்டுவதற்குள் வீட்டில் இருந்த படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, கம்பளி எல்லாவற்றையும் நானும் ஆர்லினும் சுமந்துபோய்ப் போர்த்தினோம். "நாம எதப் போத்திக்கிட்டுத் தூங்குறது?" என்று கேட்டார். "கோட்டு இருக்குல்ல" என்றேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஓரத்துச் செடியின் மேல் போட்ட விரிப்பு நழுவித் தரையில் கிடந்தது. தக்காளி கருகித் தொங்கியது. பூசணிக் கொடி வெந்த கீரையாய்க் கிடந்தது. ஊரில் ஒரு டாலியாப் பூகூடத் தப்பவில்லை. அந்த ஓரத்துச் செடி மட்டும், வெறும் உடம்போடு, இலை விளிம்பில் கொஞ்சம் ஊதா ஏறி, நிமிர்ந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் செடியின் பூவைத்தான் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். விதை முற்றட்டும் என்று இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்துத்தான் அறுத்தேன். காய்ந்ததும் ஜாடியில் போட்டு, ஜாடிக்கு முன்னால் வைக்கும் அட்டையில், 'வெட்டவெளியில் வளர்ந்தது, முதல் பனியில் போர்வையில்லாமல் நின்றது' என்று எழுதினேன். அப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள். பெயர் மட்டும்தான் எழுதுவார்கள்.

கண்காட்சியன்று தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசைகள் போட்டிருந்தார்கள். நடுவர் மார்கிட் பக்கத்து ஊர்க்காரி, வெகுகாலமாக ஊறுகாய்க்கு மதிப்பெண் போட்டவள். இந்த மேசைக்கும் அதே முகத்தோடுதான் வந்தாள். டார்லிஸின் ஜாடியைத் திறந்தாள், முகர்ந்தாள், ஒரு பூவைப் பிய்த்தாள், தலையசைத்தாள். அடுத்தது என்னுடையது. அட்டையை ஒருமுறை படித்தாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தாள். ஜாடியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, ஒரு பூவை விரலால் நசுக்கினாள். பொலபொலவென்று விதை கொட்டியது. வரிவரியாகக் கோடு போட்ட, கொழுத்த விதைகள். மேசை விளிம்புவரை உருண்டன.

அத்தனை பேரும் தங்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஏப்ரலில் நான் சொன்னதை ஒருவரும் மறக்கவில்லை என்று தெரிந்தது.

"விதை இருக்கு" என்றாள் மார்கிட், சும்மா ஒரு தகவல்போல.

டார்லிஸுக்கு என்ன தோன்றியதோ, எனக்கு வக்காலத்து வாங்கக் கிளம்பிவிட்டாள். "அது அவ தப்பில்லங்க. ஆகஸ்ட்ல பள்ளத்த—"

வெண்டல் அவளுக்கு நேர் எதிரே, கோப்பையும் கையுமாக நின்றிருந்தார்.

"வாய மூடுடி" என்றேன். கூடமே கேட்டிருக்கும். "என் தோட்டம், என் செடி, என் விதை. நான் வளத்ததுல நல்லது வந்தாலும் எனக்கு, கெட்டது வந்தாலும் எனக்கு. இதுல யாருக்கும் பங்கு குடுக்குறதா இல்ல."

என் தோல்வியைக்கூட இன்னொருவர் தலையில் ஏற்றி வைக்க எனக்கு மனசில்லை. அதுவும் என் முட்டிக்காகப் புல் அறுத்த மனிதர் தலையில். வீம்பு என்றால் வீம்புதான்.

ஆனால் வெண்டல் சோளம் விளைக்கிறவர். காற்றும் தூளும் என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பையை மெதுவாக வைத்தார். காது நுனிவரை சிவந்துவிட்டது. மேசைக்கு வந்து ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"சனிக்கிழமை. மேற்குக் காத்து" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பங்கு இல்லன்னு எப்படிச் சொல்லுவ லவர்ன்? அந்தப் பள்ளத்துல நிக்கிறது எங்க தாத்தா போட்ட வித்து. இதுக்கு அப்பன் எங்க வீட்டுப் பையன்."

பின்வரிசையிலிருந்து ஆர்லின், "எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்றார்.

முதலில் சிரித்தது வெண்டலின் மனைவி. அவள் சிரித்த சிரிப்பில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு கூடமே சிரித்தது. மார்கிட்கூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் வெண்டல் குரலைத் தணித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீ ஏன் கேக்கல?" என்றேன். "அந்தக் கேக்க உன்னைத் திட்டிக்கிட்டேதான் சுட்டேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருக்கும். நான் சுட்டது."

மார்கிட் தொண்டையைச் செருமிக்கொண்டு, விதை இருக்கும் பூவுக்கு ரிப்பன் கிடையாது, விதி அது என்றாள். நீல ரிப்பன் டார்லிஸின் ஜாடிக்குப் போனது. எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வலித்தது. நிமிர்ந்துதான் நின்றேன். கொட்டிய விதைகளைத் தாளோடு மடிக்கப் போனேன். மார்கிட் என் கையின் மேல் கை வைத்தாள்.

"இந்த அட்டையில எழுதியிருக்கிறது நெசமா? போர்வ இல்லாமயா நின்னுச்சு?"

"நெசம்தான். ஊர்த் தக்காளி மொத்தமும் செத்த அன்னிக்கு."

"அப்பனும் எந்த வருஷமும் போர்வ கேட்டதில்ல" என்றார் வெண்டல், யாரிடமோ சொல்வதுபோல.

மார்கிட் நடுவர் முகத்தை மாற்றாமலே கைப்பையைத் திறந்து ஒரு காலி மாத்திரை டப்பாவை எடுத்தாள். "எனக்கும் தோட்டம் இருக்கு. வடக்குப் பாத்த எடம். கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

அவ்வளவுதான். எங்கேயோ வேடிக்கை பார்ப்பதுபோல நின்றவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் பாராட்டவில்லை. "சும்மா போட்டுப் பாப்பமேன்னு" என்றார் ஒருவர். "வீட்டுக்காரி கேட்டா" என்றார் இன்னொருவர், அவர் வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றாள். கைக்குட்டை நீண்டது, காபிக் கோப்பை நீண்டது, ஒருவர் தொப்பியைக் கழற்றி நீட்டினார். நான் பூவை நசுக்கி நசுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வருஷம் இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் வெட்டவெளியில் நிற்கப்போவது என் செடியின் பிள்ளைகள். என் நெஞ்சு கோட்டுப் பித்தானைத் தெறிக்கவைக்கும் போலிருந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

கடைசியில் தாளில் ஒரு சிட்டிகை விதை மிஞ்சியது. எங்கள் ஊரில் எதையும் கடைசியாக எடுக்க மாட்டார்கள். தட்டில் ஒரு துண்டு கேக் மிஞ்சினால் அதைப் பாதியாக வெட்டுவார்கள், அந்தப் பாதியையும் பாதியாக வெட்டுவார்கள், கடைசியில் அந்தத் துணுக்குக் காய்ந்து குப்பைக்குத்தான் போகும். எல்லாரும் அந்தச் சிட்டிகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கையும் நீளவில்லை.

டார்லிஸ் ரிப்பன் இருந்த கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு மேசைக்கு வந்தாள். மறு கையால் தாளை அப்படியே மடித்து, மொத்தத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"வெளியில, களஞ்சியத்துக்குத் தெக்குப் பக்கம்தானே நீ வச்ச?" என்று கேட்டாள்.